சந்தும் சந்தமும்

மும்பை மாநகரின் கிழக்குக் கரையில் உள்ள டிராம்பே என்னும் பகுதியை, அணுசக்தி நிலையத்தின் இருப்பிடமாகவே நேயர்களுள் பலர் அறிவர். 1957ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் பண்டித நேரு அவர்கள் முறைப்படி திறந்து வைத்த அந்நிலையம், பின்னர் டாக்டர் பாபாவின் பெயரைத் தாங்கிப் புகழெய்தியது. அதற்கு அண்மையிலேயே சீட்டா கேம்ப் என்ற குடியிருப்பு ஒன்றும் உண்டு. அங்கே தமிழ் கேளாத தெரு அரிது. மாலை வேளையில் அவ்வழியே செல்கையில், இளைஞர் சிலர் கைபேசியில் தாளத்தை ஒலிக்கவிட்டு, தமிழும் இந்தியும் மராத்தியும் கலந்த சொற்களை விரைந்து அடுக்கிப் பாடுவதை நாம் கேட்டதுண்டு. கடந்து செல்லும் பெரியவர்கள், 'இது பாட்டா, பேச்சா, சண்டையா?' என்று முகஞ்சுளிக்கின்றனர். அக்கேள்விக்கு விடை காண வேண்டுமாயின், இவ்விசையின் வரலாற்றையும் இக்குடியிருப்பின் வரலாற்றையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும்.

ராப் என வழங்கும் இச்சொல்லிசை, அமெரிக்க நாட்டின் நியூயார்க் நகரில், பிராங்க்ஸ் என்னும் பகுதியில் தோன்றியது. 1948 முதல் சுமார் கால் நூற்றாண்டு காலம், அப்பகுதியின் ஊடே ஓர் அகன்ற நெடுஞ்சாலை அமைக்கப்பட்டது. அதன் பொருட்டு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்தன. வசதி படைத்தோர் வெளியேறினர்; கறுப்பின மக்களும் போர்ட்டோ ரிக்கோ மக்களும் சிதைந்த கட்டடங்களில் தங்கினர். அங்கே 1973ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள், ஜமைக்காவில் பிறந்த கூல் ஹெர்க் என்னும் இளைஞர், தம் தங்கை ஏற்பாடு செய்த விருந்தில் இரண்டு இசைத்தட்டுப் பொறிகளைக் கொண்டு தாளப் பகுதியை மட்டும் நீட்டி நீட்டி ஒலிக்கச் செய்தார். அத்தாளத்தின் மேல் சொற்களை அடுக்கும் வழக்கம் வளர்ந்தது. 1982இல் வெளிவந்த 'தி மெஸேஜ்' என்ற பாட்டு, களியாட்டத்தை விடுத்து ஏழை நகர வாழ்வின் நெருக்கடியை எடுத்துரைத்து உலகின் செவியை ஈர்த்தது.

அதே காலத்தில் டிராம்பேயில் நிகழ்ந்தது யாது? இன்றைய சீட்டா கேம்ப் மக்களின் முன்னோர், மான்குர்த் அருகே ஜனதா காலனி என்ற இடத்தில் வாழ்ந்து வந்தனர். நகரின் பிற இடங்களிலிருந்து அகற்றப்பட்டு அங்கே குடியமர்த்தப்பட்டவர்கள் அவர்கள். 1960களில், கோலார் தங்கவயலில் பிறந்த ஜோக்கின் அற்புதம் என்னும் தமிழ் இளைஞர், தச்சுவேலை தேடி மும்பை வந்து அக்காலனியில் தங்கினார். மாலைதோறும் அவர் சிறுவர்களைக் கூட்டி ஆடவும் பாடவும் செய்தார். அக்கூட்டமே பின்பு பள்ளியாயிற்று. காலனியின் குப்பையை அகற்ற நகராட்சி முன்வராதபோது, அச்சிறுவர்களே குப்பையைச் செய்தித்தாள்களில் பொட்டலமாகக் கட்டி எடுத்துச் சென்று, நகராட்சி அலுவலகத்தின் முன்பே கொட்டினர். பாட்டில் தொடங்கிய கூட்டம் உரிமை கேட்கும் கூட்டமாக வளர்ந்தது.

எனினும், நெருக்கடி நிலை நடைமுறையில் இருந்த 1976ஆம் ஆண்டு மே மாதத்தில், அணுசக்தி நிலையத்தின் தேவைக்காக ஜனதா காலனி இடிக்கப்பட்டது. சுமார் 70,000 மக்கள் சதுப்பு நிலமாயிருந்த சீட்டா கேம்புக்கு மாற்றப்பட்டனர். அற்புதம் அவர்கள் பின்னாளில் நாடெங்கும் குடிசைவாழ் மக்களின் தலைவராக விளங்கி, 2000இல் மகசேசே விருதும் 2011இல் பத்மஸ்ரீ விருதும் பெற்று, 2018இல் மறைந்தார்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் ஒன்றை நன்கு அறிவோம். கோப்புகளில் ஏழையின் குரல் நேராக வருவதில்லை. அவன் சொன்னதை ஒருவர் எழுத, மற்றொருவர் சுருக்க, வேறொருவர் மொழிபெயர்க்க, இறுதியில் எஞ்சுவது 'ஆக்கிரமிப்பாளர்' என்ற ஒற்றைச் சொல்லே. அச்சொல்லுக்குள் தாயும் சேயும் தச்சரும் கொத்தரும் அடங்கி மறைந்துவிடுகின்றனர். பிராங்க்ஸ் இளைஞன் கண்ட வழி, இந்த இடைத்தரகர் அனைவரையும் விலக்கி, தன் தெருவின் பெயரைத் தன் வாயாலேயே உலகறியக் கூறும் வழியாகும். ராப் இசை இளைஞர்க்கு அளித்த பெருங்கொடை இதுவே என்பது நம் கருத்து.

அவ்வழி மும்பைக்கு வந்து சேர ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆயின. மும்பைத் தமிழரிடையே இருவகை வாழ்வு உண்டென்பதை நேயர்கள் அறிவர். எழுத்தறிவு பெற்று அலுவலகப் பணிக்கு வந்தோர் மாதுங்காவில் சபைகளை அமைத்துச் சங்கீதம் வளர்த்தனர். நெல்லைச் சீமை முதலிய இடங்களிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தோர் தாராவியில் தங்கினர். தாராவி என்ற முகவரியைச் சொன்னால் வேலை கிடையாது என்றஞ்சி, உறவினர் முகவரியைத் தந்த இளைஞர்களை நாம் கண்டிருக்கிறோம். அத்தாராவியிலிருந்துதான் டோப்படெலிக்ஸ் என்னும் குழுவினர் தமிழ், இந்தி, மராத்தி, ஆங்கிலம் ஆகிய மொழிகளில் பாட முன்வந்தனர். காரணமின்றிக் காவலர் பிடித்து விசாரிப்பதை அவர்களுடைய மராத்திப் பாட்டொன்று எடுத்துரைத்தது. குர்லாவின் நேஸியும் அந்தேரிப் பகுதியின் டிவைனும் 2015இல் தம் சந்தையே தலைப்பாக்கிப் பாடினர். 2018இல் பா. இரஞ்சித் இயக்கிய 'காலா' திரைப்படத்தில் தாராவிக் குழுவினரின் குரல் தமிழகமெங்கும் ஒலித்தது. மறு ஆண்டு 'கல்லி பாய்' என்ற இந்திப் படம் வெளிவந்தது. மறைக்கப்பட்ட முகவரி, இவ்வாறு பெருமையுடன் கூறப்படும் முகவரியாயிற்று.

'இஃது அன்னியர் இசை அன்றோ?' என வினவுவோர் உளர். தாளத்தின் பிறப்பிடம் அயல்நாடே. ஆயினும் அதன் உள்ளியல்பு நமக்குப் புதியதன்று. கேட்ட மாத்திரத்தில் பாடும் ஆசுகவியை நாற்கவிகளுள் ஒன்றாக வைத்துப் போற்றியது தமிழ். காளமேகப் புலவர் அதில் வல்லவர். எதிராளி எறிந்த சொல்லைப் பற்றிக்கொண்டு எதுகையும் மோனையும் அமைய விடையிறுக்கும் இன்றைய ராப் போட்டி, அவ்வாசுகவி மரபுக்குத் தூரத்து உறவே. சென்னைத் தெருக்களின் கானாப் பாட்டு அதற்கு இன்னும் நெருங்கிய சொந்தம். 1994இல் 'காதலன்' படத்துப் 'பேட்டை ராப்' இவ்விரண்டையும் இணைத்தது. 2006இல் மலேசியத் தமிழரான யோகி பி குழுவினர் 'வல்லவன்' என்ற இசைத் தொகுப்பை வெளியிட்டனர். 2021இல் அறிவு என்னும் இளங்கவிஞர், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டியின் வாழ்வை 'என்ஜாய் எஞ்சாமி' என்ற பாட்டாக்கினார்.

இவ்விசையில் குறைகள் இல்லையென நாம் வாதிடவில்லை. வசைமொழி மலிந்த பாட்டுகள் உண்டு. போதையைப் புகழ்வன உண்டு. பெண்டிரை இழித்துரைப்பனவும் உண்டு. புகழ் வந்தபின் தெருவை மறந்து, பொன் சங்கிலியைப் பாடுவோரும் உளர். இளைஞர் இவற்றையும் பின்பற்றுவர் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் செவியை மூடிக்கொள்வது அதற்கு மருந்தாகாது. கேட்கும் பெரியவர் இருந்தால்தான் பாடும் பிள்ளைக்குத் தன் சொல்லின் நிறை தெரியும்.

தாய்நாடு விட்டு வாழும் நமக்கு இதில் தனிப்பட்ட அக்கறையும் உண்டு. நம் பேரப்பிள்ளைகளுள் பலர் தமிழ் எழுத்தறியார். கடிதம் எழுதாத அப்பிள்ளை, சந்தத்திற்குப் பொருந்தும் தமிழ்ச் சொல்லொன்றைத் தேடி ஆச்சியிடம் வந்து நின்றால், அதனை நற்பேறெனக் கொள்ள வேண்டும். மொழி எவ்வாயில் வழியாக நுழையினும் வீட்டிற்குள் வந்தால் நன்றே.

தாராவியை இடித்துப் புதிதாக எழுப்பும் திட்டத்திற்கு 2022இல் ஏலம் முடிந்தது. வீடுதோறும் கணக்கெடுப்பும் நடந்துள்ளது. யார் தங்குவர், யார் அகல்வர் என்ற கவலை அச்சந்துகளில் மீண்டும் எழுந்துள்ளது. 1976இல் ஜனதா காலனி இடிந்தபோது அம்மக்கள் பட்ட துயரைப் பிறர் எழுதியே நாம் அறிந்தோம். இம்முறை, அங்குப் பிறந்த பிள்ளைகள் தாமே சொல்வர். அச்சொல் கரடுமுரடாக இருக்கலாம். மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாத சொல் அது. அதனைக் கேட்பது நம் கடமையாகும்.