ஃபுல் ஃப்ரேமும் ரெண்டாவது கார்டும்

கல்யாண ஃபோட்டோகிராஃபருக்கு எந்த கேமரா நல்லதுன்னு பேச ஆரம்பிச்சா மெகாபிக்சல்லயே நின்னுடுது பேச்சு. சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டினா வேற கதை தெரியும்.

எங்க திருவள்ளூர் மாவட்டத்துல முகூர்த்தம் பாதிக்கு மேல விடியக்காலையில தான். திருத்தணி மாதிரி கோயில்ல தாலி கட்டிட்டு மண்டபத்துல சாப்பாடு போடுற கல்யாணமும் நிறைய. உள்ள வெளிச்சம் எவ்வளவு இருக்கும்னு உங்களுக்கே தெரியும். மண்டபம்னா ஓமப்புகை வேற. இந்த இருட்டும், திரும்ப எடுக்க முடியாத அந்த ஒரு நொடியும் தான் கேமராவை முடிவு பண்ணுச்சு.

ஃபிலிம் காலத்துல ஸ்டூடியோ அண்ணன்கள் கழுத்துல தொங்கினது யாஷிகா மேட் 124ஜி. 1970ல வந்த மாடல். கருப்பு வெள்ளைக்கு, ஊட்டியில 1967ல உற்பத்தி தொடங்கின ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸோட 'இந்து' ஃபிலிம் இருந்துச்சு. 120 ரோலுக்கு 12 படம் தான்! கெட்டிமேளம் கொட்டுறப்போ ரோல்ல ஒரே ஒரு படம் மிச்சம்னா என்ன ஆகுறது? அதனால விவரமானவங்க மாங்கல்ய தாரணத்துக்கு முன்னாடியே மிச்ச படங்களை சொந்தக்காரங்க மேல செலவழிச்சிட்டு புது ரோல் மாட்டிடுவாங்க. (பழைய ஆல்பத்துல சம்பந்தமே இல்லாத மாமா ரெண்டு பக்கத்துக்கு நிக்கிறாரே, அதுக்கு இதுவும் ஒரு காரணம்னு என் சந்தேகம் :-))

அப்புறம் 35 எம்எம். 36 படம். 1925ல லைக்கா விற்பனைக்குக் கொண்டு வந்த 36x24 மில்லிமீட்டர் சட்டம் தான் இன்னைக்கு ஃபுல் ஃப்ரேம்ங்கிறது. டிஜிட்டல் வந்தப்போ அந்த அளவுக்கு சென்சார் செய்ய செலவு ஜாஸ்தி. அதனால வந்ததுல பெரும்பாலானதுக்கு அதுல பாதிக்கும் குறைவான பரப்பு. நலங்கு வைக்கிற சின்ன வீட்ல சுவத்துல முதுகு ஒட்டி நிக்கிறவருக்கு 28 எம்எம் லென்ஸ் 42, 45 எம்எம் மாதிரி ஆயிடுச்சு. பின்னாடி போக இடமே இல்லையே!

கேனன் 1டிஎஸ் 2002ல வந்துச்சு, விலை 8,000 டாலர். நம்ம ஊரு ஸ்டூடியோ அதை கனவுல கூட நினைக்காது. 2005ல 5டி 3,299 டாலருக்கு வந்தப்போ தான் கதவு திறந்துச்சு. நிக்கான் 2007ல தான் டி3யோட எட்டிப் பார்த்துச்சு.

உண்மையான சண்டை 2008ல. டி700க்கு 12 மெகாபிக்சல், 51 ஃபோகஸ் புள்ளி. 5டி மார்க் 2வுக்கு 21 மெகாபிக்சல், ஃபோகஸ் புள்ளி வெறும் 9, ஆனா ஃபுல் எச்டி வீடியோ. டி700ல வீடியோவே கிடையாது. கல்யாண வேலையில வீடியோ பாதி வருமானம். புகைக்குள்ள மாப்பிள்ளை கையைப் பிடிக்க டி700 தான் கெட்டிக்காரன்னு நான் இப்பவும் சொல்லுவேன்.

ரெண்டுலயும் பெரிய ஓட்டை ஒண்ணு இருந்துச்சு. ஒரே ஒரு மெமரி கார்டு. அது செத்தா தாலி கட்டினதும் போச்சு. பொண்ணு வீட்டுக்கு என்ன பதில் சொல்றது? 12 படத்தை எண்ணிட்டிருந்த அதே பயம், வேற ரூபத்துல. 2012ல 5டி மார்க் 3, 2014ல நிக்கான் டி750, ரெண்டுக்கும் ரெண்டு கார்டு. என் கணக்குல மெகாபிக்சலை விட பெரிய விஷயம் இது.

2018ல மிரர்லெஸ் போட்டி சூடு பிடிச்சப்போ சோனி ஏ7 மார்க் 3 ரெண்டு கார்டோட வந்துச்சு. நிக்கான் இஸட்6ம் கேனன் ஆரும் ஒண்ணே ஒண்ணு. கல்யாணக்காரங்க போட்ட சத்தம் கொஞ்சமா நஞ்சமா! 2020ல இஸட்6 2, கேனன் ஆர்6 ரெண்டுலயும் ரெண்டு கார்டு வந்துடுச்சு. சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் பெருமையா சொல்லுவாங்க. மண்டபத்து எல்இடி லைட்ல அதுல எடுத்தா படத்துல பட்டை பட்டையா கோடு விழும், ஜாக்கிரதை.

இன்னைக்கு கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் புதுசா கேமராவைத் தூக்குற தம்பி கேட்டா, பழைய டி750 ஒண்ணு பாருன்னு தான் சொல்லுவேன். ஷட்டர் பிரச்சனைக்கு நிக்கானே இலவச சர்வீஸ் அறிவிச்ச மாடல் அது, சீரியல் நம்பர் பார்த்து வாங்கணும். வாங்கின உடனே மெனுவுல ரெண்டாவது ஸ்லாட்டை 'பேக்கப்'னு மாத்திடுப்பா. கம்பெனியில இருந்து வர்றப்போ அது 'ஓவர்ஃப்ளோ'ல தான் இருக்கும்.