அடித்தட்டின் வரலாறு: கைத்துப்பாக்கி மேகசினைக் கழற்றித் துடைக்கும் முறை வளர்ந்த விதம்

கைத்துப்பாக்கி மேகசினின் முக்கிய உறுப்புகள் நான்குதான். தகட்டை வளைத்துச் செய்த கூடு, அதற்குள் ஒரு ஸ்பிரிங், ஸ்பிரிங்கின் தலையில் உட்கார்ந்து தோட்டாக்களை மேலே தள்ளும் ஏந்தி, கூட்டின் அடியை மூடும் தட்டு. கூட்டின் மேல்வாயில் உள்நோக்கி மடிந்த இரண்டு விளிம்புகள் மேல்தோட்டாவைப் பிடித்து நிறுத்துகின்றன; துப்பாக்கியின் மேல்புறம் முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடு முன்னே வரும்போது அந்தத் தோட்டாவைத் தள்ளி அறைக்குள் சேர்க்கிறது. பிஸ்டல் சிக்கிக்கொண்டால் பழி பெரும்பாலும் மேல்வாயின் மேல்தான் விழும். ஆனால் மேகசினைத் துடைக்க முடியுமா, யார் துடைப்பது, எந்தக் கருவி வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானித்தது அடித்தட்டுதான். கடந்த 130 ஆண்டுகளில் அது ஆணியடித்த மூடியிலிருந்து விரலால் திறக்கும் மூடியாக மாறியிருக்கிறது.

கைப்பிடிக்குள் நுழையும் தனி மேகசினுடன் சந்தைக்கு வந்த முதல் தானியங்கிப் பிஸ்டல்களில் முக்கியமானது ஹூகோ போர்ஷார்ட் வடிவமைத்த சி93. பெர்லினின் லுட்விக் லோவ நிறுவனம் 1893இல் அதைச் செய்தது. அதன் மேகசினில் 8 தோட்டாக்கள் அடங்கும். மூன்று ஆண்டுகள் கழித்து வந்த மௌசர் சி96 வேறு வழியில் போயிற்று. அதன் மேகசின் விசைக்கு முன்னால் துப்பாக்கியின் உடலோடு ஒன்றாக இருந்தது. 10 தோட்டாக்களை ஒரு கிளிப்பில் கோத்து மேலிருந்து உள்ளே இறக்க வேண்டும். பிரித்தெடுக்க முடியாத இந்த மேகசின்தான் துடைக்க எளிதாக இருந்தது. அடித்தட்டில் உள்ள குமிழை அழுத்தித் தட்டை நகர்த்தினால் போதும், ஸ்பிரிங்கும் ஏந்தியும் கைக்கு வந்துவிடும். கைப்பிடியைப் பிடித்திருக்கும் திருகாணியைத் தவிர அந்தத் துப்பாக்கியில் வேறு திருகாணியே கிடையாது என்பது அதைச் செய்தவர்களின் பெருமை. காரணம் ஊகிக்கக் கடினமானதல்ல. உடலோடு ஒட்டிய மேகசின் கெட்டால் துப்பாக்கியே கெட்டது போலத்தான். அதனால் திறக்கும் வழி முதலிலேயே தேவைப்பட்டது. தனி மேகசின் கெட்டால் இன்னொன்றைச் செருகிக்கொள்ளலாம். இந்த வசதி வடிவமைப்பாளர்களைச் சற்றுச் சோம்பேறிகளாக்கியது என்றே சொல்ல வேண்டும்.

போர்ஷார்ட்டின் வழியில் வந்த கியோர்க் லூகரின் பிஸ்டலை 1900இல் சுவிட்சர்லாந்தும், 1904இல் ஜெர்மன் கடற்படையும், 1908இல் ஜெர்மன் தரைப்படையும் ஏற்றன. அதன் தொடக்ககால மேகசின்களின் அடி மரத்தால் ஆனது. குறுக்கே ஒரு பின் அடித்து அதை இறுக்கியிருந்தார்கள். ஏந்தியோடு சேர்ந்த ஒரு பொத்தான் கூட்டின் பக்கவாட்டுக் காடியில் நீண்டிருக்கும். தோட்டா நிரப்பும்போது அதைக் கீழே இழுக்க வேண்டும். ஸ்பிரிங் அவ்வளவு விறைப்பானது என்பதால் இழுப்பதற்கென்றே ஒரு சிறு கருவியும் உறையோடு தரப்பட்டது. அடியைக் கழற்ற வேண்டுமானால் பின்னை அடித்து வெளியே தள்ள வேண்டும். அது சிப்பாயின் வேலை அல்ல. ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் ஆர்மரரின் வேலை. மர அடி ஈரத்தில் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். பிற்காலத்தில் அதன் இடத்தில் அலுமினியம் வந்தது.

முதல் உலகப் போரில் இதே லூகருக்கு 32 தோட்டா கொள்ளும் நத்தைக்கூட்டு மேகசின் வந்தது. கடிகாரத்தைப் போல முறுக்கேற்றும் ஸ்பிரிங், வளைந்து செல்லும் பாதை, நிரப்புவதற்குத் தனிக் கருவி என்று பல உறுப்புகள் கொண்ட பொறி அது. பதுங்குகுழிச் சேற்றில் அதைத் துடைப்பது எப்படி இருந்திருக்கும் என்பதை அதன் அமைப்பைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். 1918இல் வந்த எம்பி18 துப்பாக்கியிலும் அது பயன்பட்டது. போருக்குப் பின் நேரான பெட்டி மேகசின்கள் அதன் இடத்தைப் பிடித்தன.

அமெரிக்காவின் கோல்ட் எம்1911 இந்த வரலாற்றில் தனித்து நின்று பார்க்க வேண்டிய ஒன்று. ஜான் பிரௌனிங் வடிவமைத்த இந்தப் பிஸ்டலை 1911 மார்ச் 29 அன்று அமெரிக்கத் தரைப்படை ஏற்றது. மேகசினில் 7 தோட்டாக்கள். தொடக்கத்தில் வந்தவை இருநிறமானவை. கூட்டை நீலக்கறுப்பாக்கிய பிறகு மேற்பகுதியை மட்டும் பதமேற்றிக் கடினமாக்கினார்கள். அந்தச் சூட்டில் மேலே நீலம் போய்ச் சாம்பல் நிறம் ஆயிற்று. விளிம்புகள் விரியாமல் இருக்க அங்கே மட்டும் கடினம் தேவைப்பட்டது. அடித்தட்டையோ பின்களால் நிலையாகப் பொருத்திவிட்டார்கள், பிற்காலத்தில் பற்றவைத்தார்கள். ஆகவே இந்த மேகசினுக்கு அடி திறக்காது.

அதனால் மேல்வாய் வழியாகக் கழற்றும் முறை ஒன்று உருவாயிற்று. ராணுவக் கையேடுகளில் இடம்பெற்ற அந்த முறை இன்றும் பழைய மேகசின் வைத்திருப்பவர்கள் பின்பற்றுவது. காலி மேகசினின் ஏந்தியைச் சற்றே கீழே அழுத்த வேண்டும். கூட்டின் பக்கங்களில் தோட்டா எண்ணிக்கை பார்க்க விட்டிருக்கும் துளைகளில், ஏந்திக்கு மிக அருகே கீழே இருப்பதில் ஒரு மெல்லிய கம்பியைக் குறுக்கே செருக வேண்டும். இப்போது ஸ்பிரிங்கைக் கம்பி தாங்கி நிற்கும். ஏந்தி மட்டும் தளர்ந்து கிடக்கும். மேகசினைக் கவிழ்த்துத் தட்டி ஏந்தியை மேல்வாய் வழியே நழுவவிட வேண்டும். பிறகு மேல்வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு கம்பியை உருவ வேண்டும். பொத்த மறந்தால் ஸ்பிரிங் அறையின் மறுமூலைக்குப் பாயும். உள்ளே துணி விட்டுத் துடைத்தபின் திரும்பப் பூட்டுவதும் இதே வழிதான், தலைகீழ் வரிசையில். திறமையான உபாயம்தான். ஆனாலும் அடிமூலையில் ஒட்டிய மண்ணை மேலிருந்து துணிவிட்டு முழுதாக எடுப்பது கடினம்.

இரு போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் அடித்தட்டு பரவலாகத் திறக்கத் தொடங்கியது. சோவியத் டோகரெவ் டிடி-33, ஜெர்மன் வால்தர் பி38 ஆகியவற்றின் மேகசின்கள் நகர்த்திக் கழற்றும் தட்டு உடையவை. ஆனால் திறக்கும் அடி தவிர்க்க முடியாததானதற்கு முதன்மையான காரணம் பெல்ஜியத்தின் எஃப்என் நிறுவனம் 1935இல் கொண்டுவந்த ஹை-பவர் என்று கருத இடமுண்டு. பிரௌனிங் 1926இல் இறந்தபின் அதை முடித்துவைத்த டியூடோனே சேவ், 13 தோட்டாக்களை இரண்டு வரிசையாக மாற்றி மாற்றி அடுக்கும் மேகசினைத் தந்தார். ஒற்றை வரிசையில் தோட்டாக்கள் ஒன்றின்மேல் ஒன்றாக நேரே ஏறும். இரட்டை வரிசையிலோ ஒவ்வொரு தோட்டாவும் பக்கத்துத் தோட்டாவைச் சுவரோடு நெருக்குகிறது; மேல்பகுதியில் கூடு குறுகும் இடத்தில் இரு வரிசைகளும் ஒன்றாகச் சேர வேண்டும். அங்கே உராய்வு அதிகம். சிறிது மணலும் ஒரு நசுங்கலும் ஒற்றை வரிசையைவிட இங்கே பெரிய தொந்தரவு தரும். கனடாவின் இங்கிலிஸ் நிறுவனம் இரண்டாம் உலகப் போரில் இதே பிஸ்டலைச் செய்தது. அந்த அச்சில்தான் வங்காளத்தின் இஷாப்பூர் தொழிற்சாலை இந்தியப் படைகளுக்கான 9 மி.மீ. 1ஏ பிஸ்டலைச் செய்துவந்தது. ஆகவே இந்தியச் சிப்பாய்க்குப் பழகிய அடித்தட்டும் சேவின் வழிவந்ததே.

இந்த வகை மேகசினில் தட்டு மட்டும் இல்லை. அதற்கு மேலே, ஸ்பிரிங்கின் அடியில், ஒரு சிறு பூட்டுத்தகடும் இருக்கும். அதன் குமிழ் அடித்தட்டின் துளை வழியே வெளியே எட்டிப்பார்க்கும். தோட்டா ஒன்றும் இல்லை என்பதை முதலில் பார்த்துக்கொண்டு, குமிழைக் கூர்முனையால் உள்ளே அழுத்தித் தட்டை மெல்ல நகர்த்த வேண்டும். தட்டு விலகுமிடத்தில் கட்டைவிரல் காவலிருக்க வேண்டும். ஸ்பிரிங் வட்டமாக இராது, கூட்டின் வடிவத்துக்கேற்ப நீள்சதுரமாக வளைந்திருக்கும். எந்த முனை மேலே, எந்தப் பக்கம் முன்னே என்பதைக் கழற்றும்போதே கவனித்துக்கொள்ள வேண்டும். தலைகீழாகப் போட்டால் ஏந்தி மூக்குக் குத்திச் சாயும், தோட்டா மேலெழாது.

சோவியத் ஒன்றியம் 1951இல் ஏற்ற மக்கரோவ் பிஸ்டலில் பூட்டுத்தகடும் இல்லை. ஸ்பிரிங்கின் கீழ்முனையையே வளைத்து, அதையே அடித்தட்டின் பூட்டாக ஆக்கிவிட்டார் நிக்கொலாய் மக்கரோவ். ஓர் உறுப்பு குறைந்தது; தொலைவதற்கும் ஒன்று குறைந்தது. கூட்டின் பக்கங்கள் அகலமாக வெட்டித் திறந்திருப்பதால் உள்ளிருக்கும் 8 தோட்டாக்களும் கண்ணுக்குத் தெரியும்; தூசும் அதே வழியில் புகும். எளிதாகக் கழற்ற முடிவதால் அது பெரிய குறையாகவில்லை.

ஆஸ்திரியாவின் குளோக் 17, 1982இல் வந்தது. 17 தோட்டா கொள்ளும் அதன் மேகசினில் பிளாஸ்டிக்குக்குள் எஃகுத் தகடு பதிந்திருக்கும். தொடக்ககாலக் கூடுகளில் எஃகு நான்கு பக்கமும் முழுமையாக இல்லை. நிரப்பினால் சுவர் சற்றுப் புடைத்தது, பொத்தானை அழுத்தினாலும் மேகசின் தானாக விழாமல் கையால் இழுக்க வேண்டியிருந்தது. பின்னர் முழு எஃகு உறை வந்தது. அடித்தட்டைப் பிடித்திருப்பவை கூட்டின் இரு பக்கத்து முண்டுகள். கூட்டின் இரு பக்கங்களையும் அடியருகே நெருக்கினால்தான் தட்டு நகரும். எழுத்தில் எளிது. கையில் அது விறைப்பான வேலை.

எண்ணெய் பற்றிய எச்சரிக்கை ஏறக்குறைய எல்லாக் கையேடுகளிலும் ஒன்றே: மேகசினின் உள்ளே ஈரம் இருக்கக் கூடாது. எண்ணெய் தூசைப் பிடித்து வைக்கும். தோட்டாவின் அடியிலுள்ள பிரைமருக்குள் கசிந்தால் தோட்டா வெடிக்காமலும் போகலாம். துரு பிடிக்கும் இடமானால் மெல்லிய பூச்சுப் பூசி, உடனே உலர்துணியால் துடைத்துவிட வேண்டும். 2003க்குப் பின் இராக்கில் அமெரிக்கப் படையின் எம்9 பிஸ்டல்கள் இதற்கு வேறொரு பாடம் சேர்த்தன. ஒப்பந்தத்தில் வாங்கிய சில மேகசின்களின் உட்சுவரில் இருந்த சொரசொரப்பான பாஸ்பேட் பூச்சு நுண்மணலைப் பிடித்துக்கொண்டது, ஏந்தி ஏறவில்லை. எவ்வளவு துடைத்தாலும் மணல் திரும்ப வந்தது. வழுவழுப்பான உட்பூச்சுடன் புதிய மேகசின்கள் செய்யப்பட்ட பிறகே தொல்லை குறைந்தது.

1976இல் அமெரிக்காவின் மிசூரியில் ஐபிஎஸ்சி என்ற நடைமுறைத் துப்பாக்கிச் சுடும் போட்டியமைப்பு தோன்றியது. ஓடிக்கொண்டே சுடும் போட்டிகளில் காலியான மேகசின் மண்ணில் விழுவது வாடிக்கை. மேகசினுக்கென்றே நீண்ட தூரிகைகள், விழும் அடியைத் தாங்கும் தடித்த அடித்தட்டுகள், எந்த மேகசின் சிக்கியது என்று அறிய இட்ட எண்கள் ஆகியவை போட்டியாளர்களிடையே பரவின. 1994 செப்டம்பரில் 10 தோட்டாவுக்கு மேற்பட்ட புதிய மேகசின்களைப் பொதுமக்களுக்கு விற்க அமெரிக்க நடுவண் சட்டம் தடை விதித்தது. 2004இல் அது காலாவதியாயிற்று. அந்தப் பத்தாண்டுகளில் பழைய கூடுகளின் விலை ஏறியது. கெட்டதைத் தூக்கியெறியும் வழக்கத்துக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று.

மேகசினில் முதலில் தளர்வது ஸ்பிரிங். நிரப்பியே வைத்திருப்பதைவிட, திரும்பத் திரும்ப நிரப்பிக் காலி செய்வதே நல்ல எஃகு ஸ்பிரிங்கை அதிகம் தேய்க்கிறது. கடைசித் தோட்டாவுக்குப் பின் ஸ்லைடு திறந்து நிற்கத் தவறுவது அந்தத் தளர்ச்சிக்கு முதல் அடையாளமாக இருக்கலாம். அடித்தட்டு திறக்கும் மேகசினில் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் போதும். விளிம்பு விரிந்தோ வெடித்தோ போன கூட்டுக்கு அந்த மருந்து இல்லை. வளைத்துச் சரிசெய்தாலும் நிற்காது என்பதால் ஆர்மரர்கள் அதைக் கழித்துவிட்டு, ஏந்தியையும் ஸ்பிரிங்கையும் உதிரி உறுப்புகளாக எடுத்து வைக்கிறார்கள்.