இரும்பில்லா இல்லம்

சிங்காநல்லூரில் நமக்கு இரும்புக்குப் பஞ்சமில்லை. கோவை வட்டாரமே வார்ப்படப் பட்டறைகளுக்கும் பம்புசெட்டுகளுக்கும் பெயர் பெற்றதன்றோ? ஒரு ஞாயிறன்று மறைக்கல்வி வகுப்பு முடிந்து வந்த சிறுவன் ஒருவன், திசைகாட்டி ஒன்றை நமது மேசைமீது வைத்தான். முள் வடக்கே நிற்காமல், அருகிலிருந்த இரும்புப் பீரோவின் பக்கம் ஒதுங்கி நின்றது. "கெட்டுப் போச்சுங்களா, சாமி?" என்றான். முற்றத்து வேப்பமரத்தடிக்கு எடுத்துச் சென்றோம். முள் தானே வடக்கே திரும்பிற்று. இந்த முள்ளைக் காக்க மனிதர் பட்ட பாட்டை அன்று எண்ணிப் பார்த்தோம்.

கருவியின் அமைப்பு எளியதே. காந்தமேற்றிய எஃகு முள்ளின் நடுவே கடினமான கல்லாலான சிறு குமிழ் உண்டு. அது ஒரு கூர்முனைமேல் அமர்ந்து சுழலும். புவிக்காந்தத்தின் விசை மிக மெல்லியது. உராய்வு சிறிது மிகுந்தாலும் முள் அதற்குப் பணியாது. கப்பற் கருவியில் திசை குறித்த வட்டத்தட்டும் காந்தமும் ஒன்றாகவே சுழலும். அதன் துள்ளலை அடக்கக் கிண்ணத்தில் சாராயம் கலந்த நீரை நிரப்புவதுண்டு. ஒன்றனுள் ஒன்றாக அமைந்த இரு வளையங்களில் கிண்ணம் தொங்குவதால், கப்பல் சாய்ந்தாலும் அது மட்டமாய் நிற்கும். கிண்ணமும் வளையங்களும் பித்தளை. காந்தம் பித்தளையைப் பொருட்படுத்துவதில்லை.

மரக்கலங்கள் ஓடியவரை இக்காவல் ஒருவாறு போதுமாயிருந்தது. பின்னர்க் கப்பலே இரும்பாயிற்று! 1838இல் ஆங்கில வானியலறிஞர் ஜார்ஜ் ஏரி, 'ரெயின்போ' என்னும் இரும்புக் கப்பலில் ஆய்வு நடத்தி, கப்பலால் விளையும் பிழையைக் காந்தங்களையும் இரும்புத் துண்டுகளையும் அருகே வைத்துச் சரிக்கட்ட வழி கண்டார். பிற்காலத்தில் கெல்வின் பிரபு அமைத்த பீடத்தில், கருவியின் இருபுறமும் இரும்புக் குண்டுகள் நின்றன. இரும்பு செய்த பிழைக்கு இரும்பே மருந்தாயிற்று.

ஆனால் நிலையான பிழைக்குத்தான் அம்மருந்து பலிக்கும். நொடிக்கு நொடி மாறும் பிழைக்கு என் செய்வது? இக்கேள்வி பம்பாயில் எழுந்தது. அங்குக் கொலாபா ஆய்வுக்கூடத்தில், தொங்கவிட்ட காந்தங்களைக் கொண்டு புவிக்காந்தத்தின் நுண்ணிய மாற்றங்களை 1840களிலிருந்தே அளந்து வந்தனர். 1859 செப்டம்பர் தொடக்கத்தில் வீசிய பெரும் காந்தப் புயலும் அங்கே பதிவாயிற்று. அந்த ஏடுகளை அறிவியலார் 2003இல் மீண்டும் ஆராய்ந்து, புயலின் கடுமையைக் கணித்தனர். ஆனால் 1900ஐ ஒட்டி நகரில் மின்சார டிராம் விடும் திட்டம் வந்தது. தண்டவாளத்திலிருந்து நிலத்தில் கசியும் மின்னோட்டம், வண்டி ஓடும்போதெல்லாம் முள்ளை அலைக்கழிக்கும்.

கொலாபாவின் முதல் இந்திய இயக்குநரான நானாபாய் மூஸ் என்னும் பார்சி அறிஞர், பம்பாய்க்குத் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அலிபாகைத் தேர்ந்தார். 1904இல் அங்கே எழுந்த கட்டடத்தில் இரும்பு ஆணி ஒன்றுமில்லை. சுவர்கள் காந்தத் தன்மையற்ற போர்பந்தர் கல், மரவேலை தேக்கு, ஆணியும் கீலும் செம்பு, பித்தளை. வெப்பமும் காந்தத்தின் வலிமையை மாற்றுமாதலால், கருவி அறையில் வெப்பம் ஏறி இறங்காதவாறும் பார்த்துக்கொண்டனர்.

கட்டடத்தினும் நம்மை வியக்க வைப்பது மூஸ் காட்டிய பொறுமை. புது வீடு கிடைத்தவுடன் அவர் பழையதைப் பூட்டிவிடவில்லை. 1904 முதல் 1906 வரை ஈராண்டுகள் இரு இடங்களிலும் ஒரே காலத்தில் அளந்தார். ஈரிடத்து அளவுகளுக்கும் உள்ள வேறுபாடு இன்னதென்று தெரிந்தாலன்றோ, முன்னோர் எழுதி வைத்த எண்களோடு புதியவற்றைக் கோக்க இயலும்? இச்சிறு உழைப்பு நேராதிருந்தால், அறுபதாண்டு ஏடுகள் தனியே அறுந்து நின்றிருக்கும். பங்குப் பதிவேடுகளைப் பேணுகிற நமக்கு அந்த இழப்பு ஓரளவு விளங்கும்.

1907 மே மாதம் பம்பாயில் மின்சார டிராம் ஓடத் தொடங்கிற்று. அதன் கடைசி வண்டி 1964இல் நின்றுவிட்டது. அலிபாகில் இன்றும் அளந்துகொண்டிருக்கிறார்கள்.