சென்னைச் சங்கீத வித்வத் சபையும் அதன் அரங்கும்

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை ஆடலரங்கின் அளவைத் தெளிவாகக் கூறுகின்றது. 24 விரல் கொண்ட கோலால் எட்டுக்கோல் நீளம், ஏழுகோல் அகலம், ஒருகோல் உயரம் என்பன அவ்வளவுகள். ஆயின், அரங்கை அளப்பதற்கு முன்னரே ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் ஆகியோர்தம் தகுதிகளை இளங்கோவடிகள் ஒவ்வொன்றாக வகுத்துரைக்கின்றார். அரங்கின் பெருமை அதில் ஏறுவோரின் பெருமையே என்பது இவ்வைப்பு முறையாற் பெறப்படும். நம் காலத்தில் பெரும்புகழ் எய்திய சென்னைச் சங்கீத வித்வத் சபையின் வரலாறும் இவ்வுண்மையையே வலியுறுத்துகின்றது.

பண்டு இசைக்கு இருப்பிடங்கள் கோயிலும் அரசவையுமாம். வெருகல் போன்ற தலங்களிலே திருவிழாக் காலத்து நாதசுவரம் வீதியில் நிற்பார் யாவர்க்கும் பொது. 1855இல் தஞ்சை அரசு ஆங்கிலேயர் வசமாயிற்று. அரசவையின் ஆதரவு இழந்த கலைஞர் பலர் நாளடைவிற் சென்னையை நாடினர். அங்கே கட்டணம் செலுத்திக் கேட்கும் சபைகள் தோன்றின. கலைஞரைப் புரக்கும் பொறுப்பு மன்னரிடமிருந்து நகர மாந்தரிடம் வந்தது. யாரைப் பாடச் செய்வது என்று தெரியும் அதிகாரமும் உடன் வந்தது.

1927 டிசம்பரில் சென்னையிற் கூடிய காங்கிரசு மகாசபையை ஒட்டி அகில இந்திய இசை மாநாடு ஒன்று நடைபெற்றது. அதன் பயனாக உருவான வித்வத் சபையை 1928 ஆகஸ்ட் 18ஆம் நாள் சி. பி. இராமசுவாமி ஐயர் தொடக்கி வைத்தார். டாக்டர் யூ. இராமராவ் முதல் தலைவரானார். இச்சபைக்கு நெடுங்காலம் சொந்த மண்டபம் இல்லை. இரவல் மண்டபங்களிலும் பந்தல்களிலும் கச்சேரிகள் நிகழ்ந்தன. எனினும் அறிஞர் கூடி இராக இலக்கணங்களை ஆராய்ந்தமையாலும், 1930 முதல் ஆய்விதழ் ஒன்றை வெளியிட்டமையாலும் அதன் பெயர் நாடெங்கும் பரவியது. கட்டடம் எழுமுன்னரே புகழ் எழுந்தது என்க.

அப்புகழுக்குத் துணிவும் காரணமாயிற்று. சதிராட்டம் இழிவெனப் பலராலும் பழிக்கப்பட்ட நாளில், ஈ. கிருஷ்ணையரின் முயற்சியால் 1931இல் கல்யாணியின் புதல்வியர் இச்சபை மேடையில் ஆடினர். 1933இல் பாலசரசுவதி ஆடினார். ஒறுக்கப்பட்ட கலைக்கு இம்மேடை மதிப்பை மீட்டுத் தந்தது.

ஆயின் மொழி பற்றிய வினாவில் இதே சபை வேறு நிலை கொண்டது. மேடைகளில் தெலுங்கும் வடமொழியுமே ஓங்கி நிற்க, தமிழ்ப் பாடல் கச்சேரியின் கடைசியில் ஒதுங்கி நின்றது. 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து மாநாடு தமிழிசைக்கு முதலிடம் வேண்டியது. இசையின் தரத்தைத் தாழ்த்தும் வகையில் மொழியை நோக்குதல் கூடாது என வித்வத் சபை அவ்வாண்டே மறுமொழி கூறிற்று. தமிழ் பாடினால் தரம் தாழும் என்ற ஐயம் அம்மறுமொழியில் மறைந்திருந்ததைத் தமிழன்பர் உணர்ந்தனர். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் ஊக்கத்தால் 1943இல் தமிழிசைச் சங்கம் எழுந்தது. உயர்நீதிமன்றத்துக்கு அணித்தாக விளங்கும் ராஜா அண்ணாமலை மன்றம் அவ்வியக்கத்தின் நிலைபேறான சின்னமாகும்.

வித்வத் சபையின் சொந்த மண்டபத்துக்கு 1955 அக்டோபர் 5ஆம் நாள் ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1962இல் அது திறக்கப்பட்டது. ஏறத்தாழ 1,600 பேர் அமரத்தக்க அவ்வரங்கு இன்று டி. டி. கிருஷ்ணமாச்சாரியின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. மார்கழியில் அங்கே பாட இடம் பெறுவதை இளங்கலைஞர் பெரும்பேறாகக் கருதுவர். ஆயினும் பெருமை வாய்ந்த கதவு மெல்லவே திறக்கும். 1942இல் ஏற்பட்ட சங்கீத கலாநிதி விருது மிருதங்கக் கலைஞர் ஒருவருக்கு, பாலக்காடு மணி ஐயருக்கு, 1966இலேயே கிடைத்தது. பெண்களுள் அதனை முதலிற் பெற்றவர் எம். எஸ். சுப்புலட்சுமி, ஆண்டு 1968. பாலசரசுவதிக்கு 1973இல் வழங்கப்பட்டது. அவர் அம்மேடையில் ஆடி நாற்பதாண்டு கழிந்திருந்தது. 2024இல் டி. எம். கிருஷ்ணாவை அவ்விருதுக்குத் தெரிந்தபோது, கலைஞர் சிலர் அவ்வாண்டு அங்கே பாட மறுத்தனர். யார் மேடைக்குரியர் என்னும் வழக்கு இன்றும் ஓயவில்லை.

திருகோணமலை இந்துக் கல்லூரியை வளர்த்த விபுலானந்த அடிகள் அரங்கேற்று காதையின் யாழாசிரியன் பகுதிக்கு உரைகாணப் புகுந்தே யாழ் நூலை ஆக்கினார். பழந்தமிழிசையின் கணக்கைத் தேடிக் கண்ட அந்நூல் 1947 ஜூனில் அரங்கேறியது. அரங்கேறிய இடம் நகரத்து மண்டபமன்று, திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயில். நம் நாட்டில் இசைமன்றம் எடுக்க எண்ணுவோர் கோலையும் செங்கல்லையும் பின்னர் எண்ணலாம். எவர் பாடுவர், எம்மொழியிற் பாடுவர், எவர் வந்து கேட்பர் என்னும் மூன்றுமே முதற்கண் எண்ணத்தக்கன.