கவச வாகனங்களும் பழுது பார்ப்போர் துன்பமும்

இரண்டாம் உலகப் போரின் வரலாற்றை எழுதுவோர் பீரங்கியின் வாயளவையும் கவசத்தின் தடிப்பையும் கணக்கிட்டு, இரு திறத்தாரின் வன்மையை ஒப்பிடுவது வழக்கம். உடைந்த சக்கரமொன்றைக் கழற்றுவதற்கு எத்துணை நேரம் சென்றது என வினவுவோர் மிகச் சிலரே. ஆயினும், 1943ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் ஜேர்மனியர் இழந்த யுத்த தாங்கிகளுட் பல பகைவரின் குண்டினால் அழிந்தவையல்ல. பழுது நீக்கக் காலம் வாய்க்காமையாற் கைவிடப்பட்டவை. அவ்விழப்புக்குரிய காரணங்களுள் ஒன்று போர்க்களத்திலன்றி, வாகனத்தை வரைந்த மேசையிலேயே தோன்றியது.

ஜேர்மனியப் படைக்கலத் துறையைச் சேர்ந்த ஹைன்றிச் க்னீப்காம்ப் என்ற பொறியியலாளர், பெரிய சக்கரங்களை ஒன்றன் இடைவெளியில் மற்றொன்று புகுமாறு வரிசை வரிசையாக அமைக்கும் முறையைப் பெரிதும் போற்றினார். முதலில் அரைச்சங்கிலி வாகனங்களிற் கையாளப்பட்ட இம்முறை, 1942இல் களம் புகுந்த ரைகர் தாங்கிக்கும் 1943இல் வந்த பாந்தர் தாங்கிக்கும் உரியதாயிற்று. இதனால் விளைந்த நன்மை பொய்யன்று. வாகனத்தின் பாரம் பல சக்கரங்களிற் பரந்து நின்றமையால் மென்னிலத்திற் புதைவு குறைந்தது. மேடு பள்ளங்களிலும் ஓட்டம் குலுக்கமின்றி அமைந்தது.

ஆனால், அந்நன்மைக்குரிய விலையைக் கொடுத்தவர் பழுது பார்ப்போரே. ரைகர் தாங்கியின் ஒவ்வொரு பக்கத்திலும் 8 அச்சுகளும், அச்சொன்றுக்கு 3 சக்கரங்களாக 24 சக்கரங்களும் இருந்தன. உள்வரிசையில் ஒரு சக்கரத்தின் இறப்பர் தேய்ந்தாலும், அதனை மறைத்து நின்ற வெளிச்சக்கரங்கள் பலவற்றைக் கழற்றிய பின்னரே அதனைக் கைதொடல் இயலும். ரஷ்ய நாட்டின் சேறும் பனியும் சக்கரங்களின் இடைவெளிகளிற் செறிந்து இரவிற் கல்லாக உறைந்தன. புகைவண்டியில் ஏற்றும்போது வேறொரு தொல்லை நேர்ந்தது. 725 மில்லிமீற்றர் அகலமுள்ள போர்ச்சங்கிலியை அகற்றி, வெளிவரிசைச் சக்கரங்களையுங் கழற்றி, 520 மில்லிமீற்றர் அகலமுள்ள சங்கிலியைப் பூட்டுதல் வேண்டும். இறங்கும் இடத்தில் அவ்வேலை முழுவதையும் தலைகீழாகச் செய்தல் வேண்டும். களைத்த வீரர் இவ்வேலையை எத்தகைய மனநிலையோடு செய்திருப்பர் என்பதை ஊகித்தல் அரிதன்று.

பாந்தரின் நிலை இதனினும் வருந்தத்தக்கது. அதன் அமைப்பு 1942 மே மாதத்தில் ஏற்கப்பட்டது. அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே உற்பத்தி தொடங்கியது. ஏறத்தாழ 35 தொன்னாக எண்ணப்பட்ட நிறை, கவசம் தடித்தமையால் 43 தொன்னுக்கு மேற் சென்றது. சக்கரத்திற்கு வலுவை ஊட்டும் இறுதிப் பற்சக்கரத் தொகுதிக்குக் கோள்முறை அமைப்பே தகுந்தது. உட்பற்களை வெட்டும் பொறிகள் போதாமையால் எளிய நேர்ப்பற்சக்கரங்களே பூட்டப்பட்டன. போரின் பின் கைப்பற்றிய பாந்தர்களைத் தம் படையிற் பயன்படுத்திய பிரெஞ்சுக்காரர், 1947இல் வெளியிட்ட அறிக்கையில் இத்தொகுதியின் சராசரி ஆயுள் 150 கிலோமீற்றரே எனக் குறித்தனர். யாழ்ப்பாணத்திலிருந்து அநுராதபுரம் சென்று மீளுமுன் முறியும் வண்டியை எவரும் விலைகொடுத்து வாங்கார்! அடிக்கடி முறியும் உறுப்புக்கள் எளிதில் எட்டும் இடத்திலேனும் இருத்தல் வேண்டும். பாந்தரின் கியர்ப் பெட்டியோ சாரதிக்கும் வானொலியாளருக்கும் இடையே அடைபட்டுக் கிடந்தது. அதனை மாற்ற வேண்டின், அவ்விருவரின் அறையிலிருந்த கருவிகளைப் பிரித்தெடுத்து, மேற்கூரை வழியே பாரந்தூக்கியால் உயர்த்த வேண்டியிருந்தது.

1943 ஜூலை 5ஆம் நாள் குர்ஸ்க் பெரும்போரில் ஏறக்குறைய 200 பாந்தர்கள் முதன்முறையாக ஏவப்பட்டன. 10ஆம் நாள் மாலையில் முன்னணியில் இயங்கியவை 10 மட்டுமே. தளபதி கூடேரியனின் அறிக்கைப்படி, முற்றாக அழிந்தவை 25; பழுது பார்க்க வேண்டியவை 100. அந்நூற்றுள் 56 குண்டினாலும் கண்ணிவெடியினாலும், 44 இயந்திரக் கோளாற்றினாலும் நின்றவை. எனவே அமைப்பின் குற்றமே முழுக் காரணம் என்று கூறுதல் மிகையாகும். ஆனால் எக்காரணத்தால் நின்றதாயினும், நின்ற வாகனம் மீண்டும் எழுவதற்குச் செல்லும் காலத்தை அமைப்பே நிருணயித்தது என்பதை மறுத்தல் இயலாது. முன்னேறும் படைக்கு அக்காலம் கிடைக்கும். பின்வாங்கும் படைக்குக் கிடையாது. அவ்வாண்டின் பிற்பகுதியில் ஜேர்மனியர் மேற்கே ஒதுங்கியபோது, பழுது நீங்காத தாங்கிகளைத் தம் கையாலேயே வெடிவைத்துத் தகர்த்தனர். இழுத்துச் செல்லலும் எளிதன்று: ஒரு ரைகரை இழுக்க 18 தொன் வகை அரைச்சங்கிலி வாகனங்கள் மூன்று வேண்டப்பட்டன.

அமெரிக்கரின் ஷேர்மன் தாங்கி கவசத்திலும் பீரங்கியிலும் பாந்தருக்குத் தாழ்ந்ததே. உயர்ந்த உருவமும் எளிதில் தீப்பற்றும் இயல்பும் அதன் குறைகளாம். எனினும் அதன் முன்மூக்கு முழுவதும் மரையாணிகளாற் பூட்டப்பட்டிருந்தது. அவற்றைக் கழற்றினால் கியர்ப் பெட்டியும் இறுதிப் பற்சக்கரங்களும் முன்புறமாகவே வெளிவந்துவிடும். சக்கரங்கள் இரண்டிரண்டாகத் தனிச்சட்டங்களில் வெளிப்புறத்தே பொருத்தப்பட்டிருந்தமையால், ஒன்று சிதைந்தால் அச்சட்டத்தை மட்டும் மாற்றினாற் போதும். ஏறத்தாழ 49,000 ஷேர்மன்கள் செய்யப்பட்டன. பாந்தர்களோ 6,000 அளவினவே. மோட்டார் வண்டிகளை ஆயிரக்கணக்கில் விற்று, அவற்றைச் சிற்றூர்ப் பட்டறைகளிலே திருத்திப் பழகிய நாட்டினர் ஒருவகையாகவும், நுட்பத்தையே பெருமையாகக் கொண்டோர் வேறுவகையாகவும் சிந்தித்தனர் போலும்.

ஜேர்மனியரும் இதனை உணராமலில்லை. 1944 பெப்ரவரியில் ரைகரின் வெளிவரிசைச் சக்கரங்கள் நீக்கப்பட்டு, இரும்பு விளிம்புச் சக்கரங்கள் பக்கத்துக்கு 16ஆகக் குறைக்கப்பட்டன. 1965இல் மேற்கு ஜேர்மனியின் படையிற் சேர்ந்த லியோபாட் தாங்கியிற் கோத்த சக்கரங்கள் இல்லை. ஒவ்வொரு பக்கத்திலும் 7 சக்கரங்கள் ஒரே வரிசையில் நின்றன. எஞ்சினும் கியர்ப் பெட்டியும் ஒரே தொகுதியாக இணைக்கப்பட்டு, களத்திலேயே ஏறத்தாழ 20 நிமிடங்களில் மாற்றத்தக்கனவாக அமைந்தன.