மூசியாற்றின் நீர்மட்டம்

மேட்டூர் அணை 120 அடியை எட்டிவிட்டது என்ற செய்தி, தஞ்சைக்காரர் எந்த நாட்டில் வாழ்ந்தாலும் அவர் உள்ளத்தைக் குளிர்விப்பது. செகந்திராபாத்தில் குடியேறிய அத்தகைய அன்பர் ஒருவர், உஸ்மான் சாகரின் நிறைமட்டம் 1790 அடி என்று படிக்குங்கால் திகைப்பதுண்டு. அத்துணை ஆழமோ இவ்வேரி? அன்று. மேட்டூரில் அணையின் அடியிலிருந்து அளக்கின்றனர். இங்கோ கடல்மட்டத்திலிருந்து அளக்கின்றனர். மேட்டூரின் நிறைமட்டத்தையும் அவ்வாறே கூறின் 790 அடியாகும். எஞ்சிய ஆயிரம் அடி, தக்காண மேட்டுநிலத்தின் உயரமேயன்றி நீரின் ஆழம் அன்று.

இந்த எண்ணுக்கு ஒரு துயர வரலாறு உண்டு. மூசி, விகாராபாத்தை அடுத்த அனந்தகிரிக் குன்றுகளில் பிறந்து, ஐதராபாத்தின் நடுவே ஓடிக் கிருஷ்ணையில் கலப்பது. கோடையில் ஆற்றைக் குறுக்கே நடந்து கடக்கலாம். அத்தகைய சிற்றாறு 1908 செப்டம்பர் 28 அன்று நகரைச் சூறையாடியது. மாண்டவர் ஏறக்குறைய 15,000 பேர் என்பர். அப்சல்கஞ்சில் ஒரு புளியமரத்தின் மேலேறி நூற்றைம்பது பேர் உயிர்தப்பியதாக இன்றும் கூறுகின்றனர். அம்மரம் உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் நிற்கின்றது.

அவ்வெள்ளம் எங்கிருந்து வந்தது? இவ்வினாவுக்கு விடை காண நிஜாம் அரசு மைசூர் நாட்டு எஞ்ஜினீயர் விசுவேசுவரய்யாவை அழைத்தது. அவர் 1909-இல் வந்து அவ்வாண்டிலேயே அறிக்கை அளித்தார். நகருக்கு மேற்புறம் ஆற்றுக்கு நீர் தரும் நிலப்பரப்பு 862 சதுர மைல்; அதில் இருந்த ஏரிகளோ 788. அதாவது சதுர மைலுக்கு ஏறத்தாழ ஓர் ஏரி! சம்ஷாபாத்தில் 24 மணி நேரத்தில் 12.8 அங்குல மழை கொட்டவே, 221 ஏரிகள் கரையுடைந்தன. மேலேரி உடைந்து கீழேரியை உடைக்க, மழைவெள்ளத்தோடு ஏரிவெள்ளமும் சேர்ந்தே நகரைத் தாக்கியது. ஏரிகளின் இவ்வியல்பு நம் நாட்டு உழவர் அறியாததன்று.

அவ்வெள்ளத்தின் உச்சம் விநாடிக்கு 4,25,000 கன அடி என மதிப்பிட்டனர். பெருக்கின் நடுவே எவரும் கருவி கொண்டு அளந்து பெற்ற எண் அன்று இது. வெள்ளம் வடிந்தபின் சுவர்களிலும் பாலங்களிலும் நின்ற நீர்க்கறைகளைக் கொண்டு ஆற்றின் அகல ஆழங்களைக் கணித்து, சரிவிலிருந்து வேகத்தைக் கணித்து, இரண்டையும் பெருக்கி உச்சப் பெருக்கை அறிவது எஞ்ஜினீயர்களின் வழக்கம். ஆனால் இறந்தவர்க்கு அக்கணக்கால் பயன் யாது? நீர் நகரை எட்டுமுன்னரே அதனை அளக்கவும் தடுக்கவும் வேண்டும். அதன் பொருட்டே மூசியின் குறுக்கே உஸ்மான் சாகர் 1920-இலும், அதன் துணையாறான ஈசியின் குறுக்கே ஹிமாயத் சாகர் 1927-இலும் எழுந்தன. பின்னதன் நிறைமட்டம் 1763.5 அடி.

இவ்வேரிகள் குடிநீர் தந்த புகழில், அவை பெரிய அளவுகோல்களும் ஆகும் என்பதைப் பலர் மறந்தனர். எந்த மட்டத்தில் எவ்வளவு நீர் நிற்கும் என்பதற்கு அட்டவணை உண்டு. ஒரு மணி நேரத்தில் ஏரி எத்தனை அங்குலம் உயர்ந்தது என்று பார்த்து, அதற்குரிய நீரோடு மதகு வழியே விட்ட நீரையும் கூட்டினால், ஆறு கொணர்ந்த வரத்து தெரிந்துவிடும். நிறைமட்டம் வரும்வரை காத்திராது, வரத்தைக் கண்டே மதகைச் சிறிது சிறிதாகத் திறத்தல் வேண்டும். பொறுத்திருந்து ஒருசேரத் திறந்தால் காப்பாற்ற வந்த ஏரியே வெள்ளத்தை அனுப்பியதாகும்.

எனினும் இவ்விரு ஏரிகளும் அறிவது தமக்கு மேற்புறத்து மழையை மட்டுமே. நகருக்குள் பெய்யும் மழை அவற்றின் கணக்கில் வாராது. 2020 அக்டோபரில் ஹிமாயத் சாகரின் மதகுகள் திறக்கப்பட்ட அதே நாட்களில், நகரின் தென்பகுதியில் பல்லெ செருவு, குர்ரம் செருவு என்னும் ஏரிகள் உடைந்து, வீடுகளுக்குள் நீர் புகுந்தது. 1908-இல் உடைந்தவை ஊர்ப்புறத்து ஏரிகள். இவையோ வீடுகள் சூழ்ந்த ஏரிகள்.