மடக்கிக் கட்டிய கை

உங்கள் கையை நீட்டி, சுட்டுவிரலை மறு கையால் பிடித்து இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். எளிதில் அசைகிறது அல்லவா? இப்போது விரல்களை இறுக மடக்கிக்கொண்டு, அதே விரலை அசைக்க முயலுங்கள். அநேகமாக அசையாது. இந்தச் சிறு வேறுபாட்டின் பொருளை மருத்துவர்கள் முழுமையாக உணர நெடுங்காலம் ஆயிற்று. அதற்குள் எத்தனையோ கைகள் மடங்காத கைகளாகிவிட்டன.

கையை மூடும்போது புறங்கையில் எழும் மேடுகளே விரல் முட்டிகள். உள்ளங்கை எலும்பின் தலையும் விரலின் முதல் எலும்பும் அங்கே சேர்கின்றன. அந்தத் தலை சரியான உருண்டை அன்று. பக்கவாட்டில் பார்த்தால் முட்டையைப் போன்றது. அதன் இருபுறமும் இணைப்பு நார்கள் உள்ளன. விரல் நீண்டிருக்கையில் இவை தளர்ந்திருக்கும். விரல் மடங்கினால் எலும்பின் அகன்ற பகுதிமேல் இழுபட்டு விறைக்கும்.

1895 டிசம்பர் 22 அன்று ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் ராண்ட்ஜன் தம் மனைவியின் கையை எக்ஸ்-கதிரால் படம் பிடித்தார். முறிந்த எலும்பைக் காண வழி பிறந்தது. ஆனால் அப்படத்தில் எலும்பு தெரிந்தது, நார் தெரியவில்லை. எலும்பு நேராகக் கூடினால் போதும் என்று விரல்களை நீட்டி, தட்டையான பத்தை வைத்துக் கட்டுவது பல இடங்களில் வழக்கமாக இருந்தது. சில வாரங்கள் கழித்துக் கட்டைப் பிரித்தால் எலும்பு கூடியிருக்கும், விரலோ மடங்காது. தளர்ந்து கிடந்த நார்கள் அந்த நிலையிலேயே சுருங்கிப்போயிருக்கும்.

இரண்டாம் உலகப் போரில் இத்தகைய கைகளுடன் ஏராளமான வீரர்கள் அமெரிக்கா திரும்பினர். அவர்களுக்காக ஒன்பது இராணுவ மருத்துவமனைகளில் கைக்கெனத் தனிப் பிரிவுகள் அமைக்கப்பட்டன. அவற்றுக்கு வழிகாட்டியவர் சான்பிரான்சிஸ்கோ மருத்துவர் ஸ்டெர்லிங் பன்னல். விரல்களை நீட்டிக் கட்டுவதை அவர் வன்மையாகக் கண்டித்தார். பின்னர் எடின்பரோவில் பேராசிரியர் ஜேம்ஸ் இக்கருத்தைத் தெளிவான விதியாக வகுத்தார்: முட்டியை ஏறத்தாழ 70 முதல் 90 பாகை வரை மடக்கி, விரலின் மற்ற மூட்டுகளை நீட்டிக் கட்ட வேண்டும். முட்டியின் நார் விறைத்திருந்தால் சுருங்க இடமில்லை. மடக்கிக் கட்டிய முட்டியே பின்னர் நன்றாக இயங்கும்!

முட்டியின் மேலுள்ள தசைநாணைப் பிடித்திருக்கும் பட்டை கிழிந்தால் முட்டியை நீட்டி வைப்பதுண்டு. ஆகவே எந்தக் கட்டு வேண்டும் என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

முட்டிக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. சண்டையில் ஒருவன் மற்றவன் வாயில் குத்துகிறான். பல் பட்டு, மடங்கிய முட்டியில் சிறு காயம். கையை விரித்ததும் தோலும் நாணும் நகர்ந்து காயத்தின் வாயை மூடிவிடுகின்றன. எச்சிலின் கிருமிகள் மூட்டுக்குள் சிறைப்படுகின்றன. பெனிசிலின் வருமுன் இதனால் விரலை இழந்தவர்கள் உண்டு. இன்றும் வெட்கப்பட்டு, "கதவில் இடித்துக்கொண்டேன்" என்பவர் தமக்கே தீங்கு செய்கிறார். மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள், அன்றே சொல்லுங்கள்.

முட்டியில் அடிபட்டால் வீங்குமுன் மோதிரத்தைக் கழற்றுங்கள். காயம் இருந்தால் ஓடும் நீரில் கழுவுங்கள். கையை மார்புக்கு மேல் உயர்த்தி வையுங்கள். உருவாதீர்கள், இழுக்காதீர்கள். முட்டி மேடு அமுங்கியிருந்தாலோ, மடக்கும்போது விரல் பக்கத்து விரல்மேல் ஏறினாலோ எலும்பு முறிந்திருக்கலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கட்டுப் போட்டபின் ஒரு கேள்வி கேட்கத் தயங்காதீர்கள்: "எந்த விரலை, எப்போது அசைக்கத் தொடங்கலாம்?" எலும்பு கூடுவது பாதி வெற்றிதான், கை மீண்டும் மூடித் திறப்பதே முழு வெற்றி.